பையனுக்கு எல்லாம் தயார், அப்பா அம்மாவுக்கு?

கேள்வி (ஒரு அம்மா எழுதியது), 14 ஜூன் 2025

மகன் அக்டோபரில் எம்.எஸ். படிக்க ஜெர்மனி போகிறான். ஏபிஎஸ் சான்றிதழ் (நம்மூர்ப் பட்டத்தைச் சரிபார்த்து ஜெர்மனிக்காகத் தருவது), அட்மிஷன், விசா எல்லாம் அவனும் கன்சல்டன்சியும் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் பணம் கட்டினால் போதும், பெற்றோருக்கென்று தனியாக ஒரு தயாரிப்பும் கிடையாது என்கிறார் என் வீட்டுக்காரர். சரிதானா?

14 ஜூன் 2025, இரவு

பாதிதான் சரி. கன்சல்டன்சிக்கு மாணவன்தான் வாடிக்கையாளர். அவனுக்கு வேண்டியதை வரிசையாகச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஊரில் இருக்கப்போகிறவர்களுக்கு யாரும் வகுப்பு எடுப்பதில்லை.

என் மகள் 2023-இல் போனாள். இப்போது தங்கை மகன் உங்கள் பையன் போகும் அதே அக்டோபர் செமஸ்டருக்குக் கும்பகோணத்திலிருந்து ஜெர்மனியில் இருக்கும் கெம்னிட்ஸ் என்ற ஊருக்குப் போகிறான். மருமகனுக்கு என் உதவி வேண்டாம், என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். நான் தயார் செய்துகொண்டிருப்பது தங்கையையும் மாப்பிள்ளையையும்தான். பணம், வங்கி, போன் நம்பர், கையெழுத்து, நடுராத்திரியில் யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம் உங்கள் இருவர் தலையில். ஒரே மூச்சில் எழுத முடியாது, அவ்வப்போது எழுதுகிறேன்.

15 ஜூன் 2025

முதலில் பிளாக்டு அக்கவுண்ட். விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்கூட்டியே காட்டும் கணக்கு. இப்போதைய தொகை 11,904 யூரோ. இந்த 2025 ஜூனில் ஒரு யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்பதால் பன்னிரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் பையனுக்கு வரும். அதற்கு மேல் அவனே கேட்டாலும் தரமாட்டார்கள்.

பெற்றோர் தடுமாறும் இடம் இதுதான். "பன்னிரண்டு லட்சம் போட்டாச்சே, போய்ச் சேர்ந்த வாரமே எதுக்குடா காசு கேக்கறான்?" என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. முதல் மாதப் பணம் தானாக வராது. அவன் அங்கே ஒரு சாதாரண வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். அதற்குப் பல இடங்களில் முகவரிப் பதிவுச் சான்று கேட்பார்கள். முகவரியைப் பதிய வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் வேண்டும், அதற்கு முதலில் வீடு வேண்டும். என் மகளுக்கு முதல் பணம் கைக்கு வர நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் வாடகை முன்பணம். அட்வான்ஸாக மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது (ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேர்க்காத வாடகை). செமஸ்டர் கட்டணம், தட்டுமுட்டு, சாப்பாடு எல்லாம் இதே சமயத்தில்தான்.

பன்னிரண்டு லட்சத்தை ஒரு பக்கம் மறந்துவிடுங்கள். முதல் இரண்டு மாதத்துக்கு ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக ஒரு தொகை போட்டுவையுங்கள். "எங்கே போச்சு அவ்வளவு பணமும்" என்று அக்டோபரில் அவனிடம் கேட்காமல் இருப்பதும் தயாரிப்புதான்.

18 ஜூன் 2025

ஒரு அப்பா கேட்டிருந்தார்: பணம் அனுப்பும்போது 20 சதவீதம் வரி பிடிப்பார்களாமே?

படிப்புக்கு இல்லை. 2025-26 நிதியாண்டின் கணக்கு இப்படி: ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்புவது பத்து லட்சம் வரை டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) கிடையாது. அதற்கு மேல் போகும் தொகைக்குப் படிப்பு என்றால் 5 சதவீதம், மற்றவற்றில் பெரும்பாலும் 20. பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 ஃபாரத்தில் காரணம் எழுதும் இடத்தில் "படிப்பு" என்று வரவேண்டும், அதற்கான குறியீடு எஸ் 0305. கவுண்டரில் இருப்பவர் பழக்கதோஷத்தில் "உறவினர் பராமரிப்பு" என்று போட்டுவிட்டால் வரி எகிறிவிடும். அட்மிஷன் கடிதத்தின் நகலைக் கொண்டுபோங்கள், ஃபாரத்தைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பத்து லட்சம் என்பது அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி. மாப்பிள்ளைக்குப் பாத்திரக்கடை, தங்கை ஆசிரியை. இரண்டு பேருக்கும் பான் உண்டு, இரண்டு பேருக்கும் சொந்தச் சேமிப்பு உண்டு. பாதிப் பாதியாக அனுப்பினார்கள், டிசிஎஸ் பேச்சே எழவில்லை. பிடித்திருந்தாலும் பணம் தொலைந்துபோகாது, ஐடிஆர் போடும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். ஆனால் அதுவரை கையில் இருக்காது.

18 ஜூன் 2025, சற்று நேரம் கழித்து

கல்விக் கடன் எடுக்கிறவர்கள் மேலே உள்ளதைப் படிக்கவே வேண்டாம். வங்கிக் கடனிலிருந்து போகும் படிப்புப் பணத்துக்கு ஏப்ரலிலிருந்து டிசிஎஸ் முழுவதும் நீக்கியாகிவிட்டது. ஆனால் ஒன்று: கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு (2025-இல் 80இ பிரிவு) கிடைப்பது பழைய வரி முறையில்தான். புதிய முறைக்கு மாறிய அப்பாக்கள் அந்தக் கழிவை எதிர்பார்த்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

2 ஜூலை 2025

பையன் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்கு. இதை எவரும் சொல்வதில்லை.

படிக்கப் போகிறவரும் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர்தான். ரிசர்வ் வங்கி 2003-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே அவன் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவருக்கான) கணக்காக மாற்ற வேண்டும். "படிக்கத்தானே போறான், வேலைக்கா போறான்?" என்று வங்கியிலேயே கேட்டார்கள். கிளை எதுவென்று எழுதப்போவதில்லை, எல்லா ஊரிலும் இந்தக் கேள்வி வருகிறது. போவதற்கு முன் அப்பாவையோ அம்மாவையோ கூட்டுக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேட்டு முடித்துவிடுங்கள். அவன் ஊரில் இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை, போன பிறகு மாதக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது சிம். வங்கி, ஆதார், வருமான வரி, கல்லூரி போர்ட்டல் எல்லாவற்றின் ஓடிபியும் அந்த நம்பருக்குத்தான் வரும். தொண்ணூறு நாள் பயன்பாடே இல்லாத பிரீபெய்ட் நம்பரை நிறுவனம் முடக்கலாம். ரீசார்ஜ் வேலையை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார், கடை மின்கட்டணம் கட்டும் தேதியிலேயே இதுவும். ரோமிங்கை இங்கேயே இயக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள், எங்களுக்கு அங்கே எஸ்எம்எஸ் வாங்கக் காசு பிடிக்கவில்லை.

சிம்மை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஓடிபியை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்: இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி, அங்கே அவன் ஏதோ ஃபாரம் நிரப்பிக்கொண்டிருக்கிறான், ஓடிபிக்கு மூன்று நிமிடம். எழுந்திருப்பீர்களா?

6 ஜூலை 2025

கையெழுத்து. நிறையப் பேர் புரொவிஷனல் சான்றிதழோடு போய்விடுகிறார்கள். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்புக்குப் பிறகுதான் வரும், அதை வாங்க அப்பா போனால் "அங்கீகாரக் கடிதம் எங்கே" என்பார்கள். கையெழுத்திட்ட கடிதங்கள், அடையாள அட்டை நகல்கள் ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

சொத்து, கடன் விவகாரம் ஏதாவது அவன் பெயரில் இருந்தால் பவர் பத்திரத்தை இங்கேயே எழுதிவிடுங்கள். அங்கே போன பிறகு என்றால் இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கி, சான்றொப்பம் போட்டு, தபாலில் வந்து, இங்கே மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி... வேண்டாம்.

அப்புறம் உங்கள் பாஸ்போர்ட். ஆம், உங்களுடையது. அவனுக்கு ஏதாவது ஆகி நீங்கள் கிளம்ப வேண்டிய நாளில் போலீஸ் விசாரணைக்குக் காத்திருக்கக் கூடாது. 1,500 ரூபாய். தங்கைக்கு இதைச் சொன்னபோது, "அண்ணா, வாயை அலம்பு" என்றாள். மறுவாரம் இரண்டு பேரும் விண்ணப்பித்தார்கள்.

20 ஜூலை 2025

இது தயாரிப்பில் சேராது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தவர். பேரன் ஜெர்மனி போவதில் அவருக்குப் பெரிய உற்சாகம் இல்லை. கெம்னிட்ஸுக்கு 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று பெயர், ஊர் நடுவே ஏழு மீட்டர் உயரத்துக்கு மார்க்ஸ் தலை வெண்கலத்தில் இன்றும் நிற்கிறது என்று போனில் படம் காட்டினேன். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பேரன் மார்க்ஸ் ஊருக்குப் போறான்". பேரன் எடுத்திருப்பது ஆட்டோமோட்டிவ் சாஃப்ட்வேர். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

3 ஆகஸ்ட் 2025

ஆஸ்பத்திரிச் செலவை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று எழுதியவருக்கு. முப்பது வயதுக்குள் இருக்கும் மாணவர் அங்குள்ள பொதுக் காப்பீட்டில் சேரலாம். அதில் சேர்ந்துவிட்டால் பெரிய நோய்க்கும் வீட்டை விற்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருடத்துக்கு 28 நாள் வரைதான். அட்மிஷன் பதிவு முடிந்து இது தொடங்கும் வரை பயணக் காப்பீடு தனியாக வேண்டும். இடையில் ஒரு நாள்கூட வெறுமனே இருக்கக் கூடாது.

காப்பீடு பெரும்பாலும் எட்டாத இடம் மூக்குக் கண்ணாடி. கும்பகோணத்திலேயே இரண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். பல்லையும் காட்டிவிடுங்கள். வழக்கமான மாத்திரை இருந்தால் மூன்று மாத அளவு வரை சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோகலாம், டாக்டர் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் தெளிவாக இருக்கட்டும்.

24 ஆகஸ்ட் 2025

பெட்டி. அம்மாக்கள் எல்லோரும் காத்திருந்த தலைப்பு என்று தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. எனவே நெய் கிடையாது. தங்கை வெண்ணெய் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தாள், முகம் விழுந்துவிட்டது. பால்கோவாவும் அதே கணக்குதான் என்று எடுத்துவைத்தோம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பொடித்துக் கொடுங்கள். பழங்களில் சான்றிதழ் வேண்டாதவை ஐந்தே: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். முழுத் தேங்காய் போகலாம் என்பதற்காகக் கொப்பரையை வைத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் சாமான் என்று விமானத்தில் தடை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தங்கை மாமியார், நாகப்பட்டினத்துக்காரர், "அப்ப கருவாடு?" என்றார் கிண்டலாக. மீன் பொருளுக்கு ஒருவருக்கு 20 கிலோ வரை அனுமதி! நெய்க்கு இல்லாத மரியாதை நெத்திலிக்கு. அவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கருவாடு போனது, மூன்று உறை போட்டுக் கட்டி.

குக்கர் வாங்குவதற்கு முன் விடுதி அடுப்பு என்னவென்று கேளுங்கள். இண்டக்ஷன் என்றால் சாதாரண அலுமினிய குக்கர் அதில் சூடேறாது. மாப்பிள்ளை கடையிலிருந்து பித்தளை காபி ஃபில்டர் ஒன்று பெட்டியில் ஏறியது. கனம்தான். ஆனால் பாத்திரக்கடைக்காரரிடம் அதைப் பற்றி விவாதிக்க முடியாது.

25 ஆகஸ்ட் 2025

"எல்லோரும் நெய் கொண்டுபோகிறார்கள், யாரும் பார்ப்பதில்லை" என்று எழுதியிருக்கிறார் ஒருவர். இருக்கலாம். பெட்டியைத் திறந்தால் பதில் சொல்லப்போவது இருபத்திரண்டு வயதுப் பையன், முதல் வெளிநாட்டுப் பயணத்தில், அடுத்த ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது. உருக்கிய வெண்ணெய் அங்கே எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் புட்டர்ஷ்மால்ஸ் என்ற பெயரில் கிடைக்கும். வாசனை நம்மூர் நெய்க்கு வராது என்கிறாள் மகள். பருப்புச் சாதத்துக்குப் போதுமாம்.

14 செப்டம்பர் 2025

இதை மெதுவாகப் படியுங்கள்.

அவசரம் என்றால் ஜெர்மனியில் 112. இந்தியாவிலும் 112. கும்பகோணத்தில் உட்கார்ந்து 112 போட்டால் எடுப்பது தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறை. வெளிநாட்டிலிருந்து அந்த ஊர் 112-ஐ அழைக்க முடியாது. எனவே அவன் தங்கும் ஊரின் காவல் நிலைய நம்பர், நாட்டுக் குறியீடு 49 சேர்த்து, முழுதாகக் காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கூடவே அறைத் தோழன் நம்பர், அதே ஊரில் இருக்கும் ஒரு சீனியர் நம்பர், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலக மின்னஞ்சல்.

நம்மூர்ப் பழக்கத்தில் பிரின்சிபாலுக்குப் போன் போட்டு "பையன் வகுப்புக்கு வரானா?" என்று கேட்கலாம். அங்கே பதினெட்டு வயது முடிந்தவரைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் அப்பாவுக்குக்கூட எதுவும் சொல்லமாட்டார்கள். மார்க், வருகை, உடம்பு, எதுவும். கடுமை இல்லை, தகவல் பாதுகாப்புச் சட்டம். அவனாகச் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். அவன் சொல்கிற மாதிரி வீட்டுப் பேச்சு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

இன்னொன்று. "உங்கள் மகன் போலீஸ் பிடியில் இருக்கிறான், பணம் அனுப்புங்கள்" என்று மோசடிக் கால் வரும். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடு என்றால் இன்னும் வசதி. எங்கள் வீட்டில் ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கிறோம், அதைச் சொல்லாதவருக்கு ஒரு பைசா இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

28 செப்டம்பர் 2025

தங்கை மகன் கிளம்பிவிட்டான். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து ரயில். வழியனுப்பியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அழவேண்டியவர்கள் அழுதார்கள்.

தினமும் எத்தனை முறை பேசுவது என்று கேட்டவருக்கு நேற்று போனில் "தினமும் வேண்டாம்" என்றேன். இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்லத் தோன்றுகிறது. முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு வரிச் செய்தி கேளுங்கள், போன் இல்லை, வரி. "சாப்பிட்டேன்" போதும். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை நிதானமாக வீடியோ. ஞாயிறு அங்கே கடைகள் மூடியிருக்கும், அவனும் சும்மாதான் இருப்பான். கடைசியாக ஆன்லைனில் எப்போது இருந்தான் என்று பார்த்துக்கொண்டே இருப்பதை எப்படி நிறுத்துவது என்பதற்கு என்னிடம் வழி இல்லை. தங்கை அந்த வசதியையே மகனிடம் சொல்லி மறைக்கச் செய்துவிட்டாள். புத்திசாலி.

20 அக்டோபர் 2025

தீபாவளி. அங்கே திங்கட்கிழமை, வகுப்பு. இங்கே எண்ணெய் தேய்க்கும் நாலரை மணிக்கு அங்கே இரவு ஒன்று. கூப்பிடாதீர்கள் என்று முந்தின நாளே தங்கையைக் கட்டிப்போட்டேன். அவனே ஒரு மணிக்கு விழித்திருந்து கூப்பிட்டான். இதற்கெல்லாம் விதி எழுத முடியாது.

ஒரு கடிதத்தின் படம் அனுப்பியிருந்தான், முழுக்க ஜெர்மனில், கீழே தொகை. மாப்பிள்ளை கோர்ட்டு நோட்டீஸ் என்றே முடிவு கட்டிவிட்டார். ரேடியோ, டிவிக் கட்டணம் அது. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரே வீட்டில் மூன்று பேர் என்றால் மூன்று பேரும் சேர்ந்து ஒன்றுதான். கடிதம் மட்டும் முகவரி பதிந்த எல்லோருக்கும் வரும். தாத்தா மட்டும் கலங்கவில்லை. "போஸ்ட் ஆபீஸ்ல ரேடியோ லைசென்ஸ் கட்டினவன் நான்" என்றார்.

26 அக்டோபர் 2025

இன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்துவிட்டார்கள். இனி மார்ச் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணி. அவன் வழக்கமாகக் கூப்பிடும் மாலை ஆறு இதுவரை நமக்கு ஒன்பதரை, இனி பத்தரை. தூங்கிவிடுகிறவர்கள் நேரத்தை மாற்றிப் பேசிக்கொள்ளுங்கள். டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும், வீடியோவில் முகம் சோர்ந்து தெரியும். அது விளக்கு வெளிச்சமாகவும் இருக்கலாம், கேளுங்கள்.

2 நவம்பர் 2025

இரண்டு கேள்விகள் பாக்கி.

பார்சல்: தனியாள் தனியாளுக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்பு வரை சுங்கவரி இல்லை. உள்ளே என்ன, என்ன விலை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். "வீட்டுச் சாமான்" என்று ஒட்டுமொத்தமாக எழுதினால் சுங்க அலுவலகத்துக்கு அவனே போய்ப் பிரித்துக்காட்ட வேண்டிவரும். பால், இறைச்சித் தடை தபாலுக்கும் உண்டு.

இரண்டாம் வருடம்: இதைக் கன்சல்டன்சியில் சொன்னதாகவே மாப்பிள்ளைக்கு நினைவில்லை. தங்கும் அனுமதியை நீட்டிக்கும்போது செலவுக்குப் பணம் இருக்கிறது என்று மறுபடியும் காட்ட வேண்டும். பகுதிநேர வேலைச் சம்பளம் ஓரளவு கைகொடுக்கலாம். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம், ஆனால் முதல் செமஸ்டரிலேயே அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். மாப்பிள்ளை இந்த மாதம் கடைத்தெருவில் ஒரு சீட்டு சேர்ந்திருக்கிறார், அடுத்த ஆகஸ்டில் எடுக்கிற மாதிரி.